கூட்ஸ் வண்டி முடியும்வரை ஒரே மூச்சு

அறுபத்தெட்டு வயதுவரை நான் சத்தமில்லாத பெண்பிள்ளை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நானாக நினைத்ததில்லை, எல்லாரும் சொன்னது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்குப் பேச வருமா என்று என் அம்மாவிடம் தனியாகக் கேட்டார்களாம். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் நின்றபோது, நின்றுவிட்டேன் என்பது டீச்சருக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சம். அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது அவர்கள் பின்னாலேயே இறங்கி, திரும்பி நடந்து வருவேன்.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில் பாதைச் சுவரை ஒட்டின சந்தில், ஒரு ரூமும் சமையலறையும் உள்ள வீட்டில் நானும் என் ஓரகத்தியும் இருக்கிறோம். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் வைத்தால் போதும் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்தார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு ஒரே மகள். புருஷனோடு வைட்ஃபீல்டில் பதினோராவது மாடியில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. போன கோடையில் அவள் அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. குளிப்பதற்காக எங்கள் சந்துக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள்.

இரண்டாம் நாள் காலை காபி குடிக்கும்போது அவள் தன் போனில் ஒரு சத்தத்தைப் போட்டாள். நான் கேட்டுவிட்டு, எந்த வீட்டு மிக்ஸி பாப்பா, கொப்பரையை உடைக்காமல் போட்டுவிட்டார்களா என்றேன்.

அக்கா காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, அது நீங்கதான், ராத்திரி தூக்கத்துல," என்றாள் பெண்.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. எவ்வளவு நாளாக என்று அக்காவிடம் கேட்டேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே என்றார். அதற்கு முன்னாலும் உண்டு, கூட்டுக் குடும்பமாக இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமே கேட்குமாம்.

"உன் வீட்டுக்காரன் எதுக்கு நைட் ஷிப்டே கேட்டு வாங்கினான்னு நெனச்ச?"

நைட் ஷிப்டில் வேலை குறைவு, உடம்புக்கு நல்லது என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நல்ல மனுஷன். கடைசிவரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண் அதோடு விடவில்லை. அம்மாவைத் தன்னோடு வந்துவிடும்படி அவள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். லிப்ட் இருக்கிறது, பால்கனி இருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எதுவும் எடுபடவில்லை. இப்போது என் தொண்டையே அவளுக்கு ஒரு காரணம் கொடுத்துவிட்டது. இத்தனை வருஷம் அம்மா சரியாகத் தூங்கவே இல்லை, இனிமேலாவது தூங்கட்டும் என்றாள். அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒரு மாசம் பார்க்கலாம் என்றார்.

அக்கா போனால் துணை போகும், அது ஒரு பக்கம். கேஸ் சிலிண்டர்காரனோடு பேசுவது அக்கா. வீட்டுக்காரம்மாவிடம் மோட்டார் போடச் சொல்வது அக்கா. காய்காரன் தராசில் கையை வைத்தால் கையை எடு என்பதும் அக்காதான். அவர் வைட்ஃபீல்டு போனால் என் வாயும் கூடவே போய்விடும்.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். வயசுப் பையன்போல இருந்தார். தொண்டைச் சதை தளர்ந்துவிட்டது, தூங்கும்போது மூச்சுப் பாதையை அடைக்கிறது என்றார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் ஒரு மெஷினின் படம் காட்டினார். படத்தில் இருந்த ஆள் யானைபோல இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் புரிந்துகொண்டு, அது பிறகு வேண்டியிருக்கலாம், அதற்கு முன்னால் தொண்டைக்கு ஒரு பயிற்சி செய்து பாருங்கள் என்றார். ஆஸ்திரேலியாவின் பழைய குடிகள் ஊதும் டிட்ஜெரிடூ என்கிற நீளக் குழல், அதை ஊதினால் சிலருக்குத் தொண்டை இறுகுகிறது என்றார். ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். மாத்திரைச் சீட்டு என்று மெடிக்கல் ஷாப்பில் கொடுக்காமல் இருந்தோமே, அதுவரைக்கும் நல்லது.

அசல் குழல், கறையான் உள்ளே தின்று தீர்த்த மரத்தில் செய்வதாம். எங்கள் சந்தில் கறையான் கதவைத்தான் தின்கிறது. பிளாஸ்டிக் பைப்பிலும் ஊதலாம், வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு ஒட்டினால் போதும் என்று பெண் போனில் பார்த்துச் சொன்னாள். அக்காவுக்கு முழங்கால் வலி, அதனால் பைப் வாங்க நானே போனேன். நாலடி நீளம், ஒன்றரை அங்குலம் என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். ஹார்டுவேர் கடைக்காரர் கன்னடத்தில் எதற்கு என்று கேட்டார். ஊதுவதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சாக்கடை அடைப்பு என்றேன். அப்படியானால் குழாயை வளைத்துத் திருப்புகிற எல்போ வேண்டுமே, எல்போ இல்லாமல் தண்ணீர் எப்படித் திரும்பும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எல்போவையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்காவின் போனில், ஒரு வீடியோவில், தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தார். பாஷை புரியாவிட்டாலும் கன்னத்தைப் பார்த்தால் புரிந்தது. குதிரை உதட்டைப் படபடக்க விடுவதுபோல நாமும் விட்டு, அதைக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். முதல் நாள் என் குழாயிலிருந்து வந்த சத்தத்தை இங்கே எழுதுவதற்கில்லை. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, வயிறு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சத்தம் சந்துக்குக் கேட்டால் நான் எப்படி வெளியே தலைகாட்டுவது? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ரயில் போகும்போது மட்டும் ஊதுவது. ஸ்டேஷன் பக்கத்திலேயே இருப்பதால் எல்லா வண்டியும் எங்கள் சுவரோரம் மெதுவாகத்தான் ஊரும். எக்ஸ்பிரஸ் என்றால் இரண்டு ஊது. பாசஞ்சர் என்றால் அதற்கும் குறைவு. பதினோரு மணி வாக்கில் ஒரு கூட்ஸ் வரும், அது நல்ல நீளம். இரும்புச் சத்தத்தில் சுவரே அதிரும். அதற்குள் என் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது என்று தைரியமாக ஊதுவேன். கடைசிப் பெட்டி போனதும் வாயை எடுத்துவிடுவேன்.

உதடு நான்கைந்து நாளில் பழகிவிட்டது. மூச்சுதான் வரவில்லை. அந்தக் குழலை நிறுத்தாமல் ஊத வேண்டும், மூச்சு வாங்க இடையில் நிறுத்தக் கூடாது. ஊதிக்கொண்டே மூக்கால் இழுக்க வேண்டும். இது எப்படி நடக்கும்? ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி நிற்காமல் ஊதிப் பழகச் சொன்னார் தாடிக்காரர். இளநீர்க் கடையில் இரண்டு ஸ்ட்ரா கேட்டு வாங்கி வந்தேன். இப்போதெல்லாம் காகித ஸ்ட்ரா. எனக்கு வித்தை வருவதற்குள் அது தண்ணீரில் ஊறிக் கூழாகிவிடும். பப்பாளி இலைக் காம்பை வெட்டி வைத்துக்கொண்டு பழகினேன். மூக்கால் இழுத்த உடனே வாயில் காற்று நின்றுபோகும். இல்லாவிட்டால் தம்ளர் தண்ணீர் என் மூக்குக்கு வரும்.

பதினைந்து நாள் கழித்து ஒருநாள் காவேரித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். அதற்காக வராத நாளில் வீட்டில் சமையல் நிற்கிறதா? குடத்தில் பிடித்து வைத்ததைச் செலவழிக்கிறோம். மார்புதான் குழாய், கன்னம்தான் குடம். மார்பிலிருந்து காற்று வரும்போதே கன்னத்தில் கொஞ்சம் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் நிற்கும் அந்த ஒரு நொடி, கன்னத்தை அமுக்கிக் குடத்துக் காற்றை வெளியே விட வேண்டும், அதற்குள் மூக்கால் இழுத்துவிட வேண்டும். தாடிக்காரர் ஊரில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரும்போலிருக்கிறது. அவர் இதைச் சொல்லவே இல்லை.

மறுநாள் கூட்ஸ் வந்தது. குழாயை எடுத்தேன். நிரப்பினேன், அமுக்கினேன், இழுத்தேன். சத்தம் நிற்கவில்லை. மறுபடியும் செய்தேன், அப்போதும் நிற்கவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. தொண்டை, மார்பு, கீழே தரை எல்லாம் ஒரே அதிர்வாக இருந்தது. எங்கோ தேனீக் கூட்டத்துக்குள் உட்கார்ந்த மாதிரி. கூட்ஸ் இன்றைக்கு ரொம்ப நீளம் என்று நினைத்துக்கொண்டே ஊதினேன்.

கண்ணைத் திறந்தபோது கூட்ஸ் போய் வெகு நேரமாகியிருந்தது. சந்தே அமைதியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே காய்காரன் வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். மாடியில் இருக்கும் கன்னடக்காரம்மா துணி உலர்த்துவதை விட்டுவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார்.

"இவத்து ரயிலு ஹோதமேலூ நில்லிஸ்லில்லா, அல்வா?" என்றார். இன்றைக்கு ரயில் போன பிறகும் நிறுத்தவில்லையே என்கிறார். அப்படியானால் தினமும்? தினமும்தானாம். முதல் நாளிலிருந்தே கேட்கிறதாம். அவர் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பதினோரு மணி மாத்திரை போட்டுக்கொள்கிறாராம். நான் கூச்சப்படுவேன் என்று யாரும் பேச்செடுக்கவில்லையாம். ஆக, முன்பு என் வீட்டுக்காரரும் அக்காவும் செய்ததை இப்போது சந்தே சேர்ந்து செய்திருக்கிறது. நான் சத்தமில்லாமல் வாழ்ந்ததாக நினைத்த வாழ்க்கையில் சத்தம் போடாமல் இருந்தது மற்றவர்கள்தான்.

அதற்குப் பிறகு ரயிலுக்குக் காத்திருக்கவில்லை. தோன்றும்போதெல்லாம் ஊதினேன். ராத்திரி என் சத்தம் குறைகிறதா என்று கணக்கெடுக்க, பெண் அக்காவின் போனில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். படுக்கும்போது அக்கா அதை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். சாமிக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் அது காவல்.

மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ராத்திரி விழித்துக்கொண்டேன். எனக்கு அது பழக்கமே இல்லை. கூட்ஸ் போகிறது என்று நினைத்தேன். சுவர் அதிரவில்லை. சத்தம் பக்கத்துப் பாயிலிருந்து வந்தது. அக்கா மல்லாந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். எனக்குக் குணமான புண்ணியம், எனக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தாள். போனில் சிவப்புக் கோடுகளைக் காட்டினாள். "நல்லாக் கொறஞ்சிருக்கு சித்தி. ஆனா இன்னும் இருக்கு. அம்மா பாவம் இல்லையா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளுக்கு முன்னால் ஒரு தாயைப் பற்றி எப்படிச் சொல்வது? நான் தலையை ஆட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பையைக் கட்டும்மா, குளித்துவிட்டு வந்து கார் புக் பண்ணுகிறேன் என்று அவள் பாத்ரூமுக்குள் போனாள். அக்கா நாலு புடவையை மடித்தார். ஐந்தாவதை மடித்துவிட்டுப் பிரித்தார். பிறகு எழுந்து, கழுவின தம்ளரையே மறுபடி கழுவ சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, அது என்னுது இல்ல."

"எது?"

"போன்ல இருக்கிற சத்தம்."

"பின்ன, ரயிலுதா?"

கன்னத்தில் சேர்த்து வைத்த காற்று அத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்குச் செலவாயிற்று. "உங்களுது."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தார். "நான் கொறட்டை விட மாட்டேன்டி."

"நானும் அப்படித்தாங்க்கா நெனச்சேன்."

"எத்தினி நாளா?"

"தெரியல. இதுக்கு முன்னாடி நான் தூங்கிட்டிருந்தேன்."

பாத்ரூமில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. அக்கா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை. "அய்யய்யோ. அங்க பக்கத்து ரூம்ல மாப்பிள்ளை இருப்பாரேடி."

பெண் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். அக்கா அவளிடம், உன் போன் சரியில்லை, கூட்ஸ் வண்டிச் சத்தத்தைப் பிடித்து உன் சித்தி தலையில் போடுகிறது, நான் வரவில்லை, பதினோராவது மாடியில் எனக்குத் தலை சுற்றும் என்று ஒரே மூச்சில் சொன்னார். பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதற்கு எனக்குப் பயிற்சி தேவையில்லை.

மறுநாள் நான் ஊதிக்கொண்டிருந்தபோது அக்கா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். என் கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்கால் இழுக்கும்போது வாயில் எப்படி நிற்காமல் வருகிறது என்று கேட்டார். குடம், குழாய் என்று சொன்னேன். ஊதிப் பாருங்கள் என்று மெழுகைப் புடவைத் தலைப்பால் துடைத்து நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன் எச்சக் கொழாயில நான் வாய் வெக்கணுமா? போய் எனக்கு வேற வாங்கிட்டு வா."

கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. மறுபடியும் அடைத்துக்கொண்டதா என்று கேட்டார். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். அடைப்பு இல்லை, ஊதுவதற்கு, என் அக்காவும் நானும் ஊதுகிறோம் என்றேன். அவர் சிரித்தார். நாலடி அறுத்துக் கட்டிவிட்டு, எல்போவையும் பையில் போட்டார். எல்போ வேண்டாம் என்று சொன்னேன். கேட்கும்படி சொல்லவில்லை போலிருக்கிறது. இப்போது எங்கள் ஜன்னலில் இரண்டு எல்போ இருக்கின்றன.