கெட்ட செய்தி சொல்லும் பயிற்சி

டிக்ஷனரி ஆங்கிலம் பேச ஆரம்பித்தால் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைகூட இலக்கணப் பிழையில்லாமல் கரையும். இது மிகைதான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். காக்கையைக் கழித்துவிட்டு மீதியை நம்பலாம்.

டிக்ஷனரி என்பது ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் நர்சுகள் நாங்கள் வைத்த பெயர். ஊசி போட நரம்பு தேடும்போதும் அவள் உதடு ஏதாவது ஓர் ஆங்கிலத் தொடரை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். காரணம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பகல் வேலை காலியாக இருந்தது. நர்சுகளுக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால் அது அவளுக்கு. இரண்டு முறை போனாள், இரண்டு முறையும் ஒரே இடத்தில் சறுக்கினாள். நோயாளியின் உறவினருக்குக் கெட்ட செய்தி சொல்ல வேண்டிய பகுதி அது. தேர்வாளர்தான் உறவினராக நடிப்பார். இவளோ படித்து வைத்த மரபுத்தொடர்களை எல்லாம் மூட்டை அவிழ்த்ததுபோல் கொட்டுவாள். பாவம், அந்த மனிதர் துக்கப்படக்கூட இடைவெளி கிடைக்காது. இந்த முறையும் சறுக்கினால் வேலை வேறொருத்திக்கு.

அதனால் வீட்டிலேயே பயிற்சி. அவள் கணவர் லேத் பட்டறையில் இரும்பு கடைபவர். அவர்தான் உறவினர். நோயாளி வேஷத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அவருடைய அம்மா இருதயக் கோளாறோடு முன்னறைக் கட்டிலில்தான் கிடந்தார்.

“நான் என்னடி பண்ணணும்?”

“நீங்க சும்மா படுத்திருந்தா போதும், அத்தை. செத்துப்போன மாதிரி.”

“அதுக்கு ஒத்திகை வேறயா. தானா வரப்போற வேஷம்.”

கண்ணை மூடிக்கொள்வாரே தவிர, காது திறந்தேதான் இருக்கும். முடிந்ததும் கட்டிலில் இருந்தபடியே மதிப்பெண் போடுவார். “என்ன பேசினேன்னு எனக்குப் புரியலை. ஆனா ரயில் வர்ற நேரத்தை அறிவிக்கிறவ மாதிரி இருந்துச்சு. பாதி மார்க்.”

பயிற்சிக்கு டிக்ஷனரி ஒரு சட்டம் வைத்திருந்தாள். ‘ஆரம்பிக்கலாமா’ என்ற பேச்சே கூடாது. கணவர் வேலை முடிந்து வந்து கைகழுவும் நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல், அவள் பாட்டுக்குத் தொடங்கிவிடுவாள். அவரும் சட்டென்று பிடித்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல வேண்டும். நிஜத்தில் யாரும் மணி அடித்துவிட்டுக் கெட்ட செய்தி கொண்டுவருவதில்லை என்பது அவள் வாதம்.

தேர்வுக்குச் சில வாரம் இருக்கையில், ஒரு பிற்பகல், அத்தைக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். எத்தனையோ பேருக்குப் பார்த்த கைதான். அன்று அதை நம்ப மனம் வரவில்லை. பட்டறைக்குப் போன் செய்தாள். இயந்திர இரைச்சலில் யாரும் எடுக்கவில்லை. கிளம்பிப் போகலாம் என்றால், அத்தையைத் தனியாக விட்டுப் போக மனசில்லை. கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் வந்தார். நேரே பின்பக்கம் போய்ச் சோப்பை எடுத்தார். அவள் குழாயடியில் போய் நின்றாள். ‘அத்தை போயிட்டாங்க’ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பழகிய வாய், பழகியதைச் சொல்லிவிட்டது.

“ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ ஹாவ் சம் பேட் நியூஸ்.”

அவர் திரும்பாமலே, “ப்ளீஸ் கோ ஆன், நர்ஸ்,” என்றார்.

“யுவர் மதர் பாஸ்ட் அவே திஸ் ஆஃப்டர்நூன்.”

“வாஸ் ஷி இன் பெயின்?” அது அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வி.

“நோ,” என்றாள்.

அவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். “இன்னைக்கு அசத்திட்டே. குரல்கூட நடுங்குது பாரு.” பிறகு முன்னறைப் பக்கம் தலையை நீட்டினார். “அம்மா, இன்னைக்காவது முழு மார்க் போடுவியா?”

டிக்ஷனரி சோப்பு நுரையோடு இருந்த அவர் கையைப் பிடித்தாள்.

“ஏங்க, இது பயிற்சி இல்லைங்க.”

அன்றோடு வீட்டில் ஆங்கிலம் நின்றது. காரியங்கள் முடிந்தன, உறவுகள் கிளம்பிப் போயின. அவள் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டாள். தேர்வுக்குப் போகப்போவதில்லை என்று எங்களிடமும் சொல்லிவிட்டாள். கெட்ட செய்தி என்று ஆரம்பிக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தாலே அவளுக்குச் சோப்பு வாசனை வந்தது.

ஒரு மாலை லேத்துக்காரர் கைகழுவிவிட்டு வந்து, காலிக் கட்டிலில் உட்கார்ந்தார். முன்னறிவிப்பு ஏதுமில்லை.

“நர்ஸ், ஹவ் இஸ் மை மதர்?”

“வேண்டாங்க. என்ன விளையாட்டு இது.”

“விளையாட்டு இல்லை. அன்னைக்கு நீ சொன்னதை நான் சரியா கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு.”

அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். அதே இரண்டு வாக்கியம்தான். மரபுத்தொடர் ஒன்றும் இல்லை. அவர் தன் கேள்வியைக் கேட்கவில்லை. அவளும் அடுத்ததைத் தேடவில்லை. இருட்டும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

தேர்வுக்குப் போனாள். அதே பகுதிதான் வந்தது. செய்தியைச் சொல்லிவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். தேர்வாளர் நடிப்பை மறந்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழு மதிப்பெண்ணையும் அள்ளிக் கொடுத்துவிட்டார்.

டிக்ஷனரியின் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இந்தக் கதை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த லேத்துக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“அப்படியெல்லாம் இல்லைம்மா. அந்த ஆள் அழவும் இல்லை, ஒண்ணும் இல்லை. கடிகாரத்தைப் பாத்துட்டே இருந்தாராம். இவ பேசாம இருந்ததுக்கு மார்க்கைக் குறைச்சுட்டாங்க. ஏதோ தட்டுத்தடுமாறி பாஸ். அவ்வளவுதான்.”