கள்ளிக்குப் பிடித்த வெள்ளை

காரவள்ளியில் கொல்லிமலைக்கு ஏறும் நடைபாதைக்குப் பக்கத்தில் அத்தாயிக்கு அப்பன் கொடுத்த மானாவாரி நிலம் இருந்தது. பேருக்குத்தான் நிலம், மண்ணைக் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆள் உயரத்துக்குச் சப்பாத்திக்கள்ளி மண்டி, உள்ளே பன்றியும் பாம்பும் குடித்தனம் நடத்தின. வெட்டினால் விழுந்த மடலெல்லாம் வேர்விட்டது. தீ வைத்தால் கருகிய தூரே மறுபடி துளிர்த்தது.

"நம்ம காலத்துல இது போகாது" என்று அவள் புருசன் செங்கோடன் கைகழுவிவிட்டு, மலைக்குச் சுமை தூக்கப் போய்விட்டான். அத்தாயிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. போகும், வழிதான் தெரியவில்லை என்றாள்.

ஒரு தை மாதம் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பானை விற்க வந்த ராமாயி பேச்சுவாக்கில் அத்தாயியிடம் சொன்னாள்: "எங்கூர்க் கள்ளி பூராவும் பஞ்சு ஒட்டுன மாதிரி வெளுத்து அழுகிப்போச்சுங்க. என்னமோ பூச்சியாம்."

"வேற பயிரத் தொட்டுச்சுங்களா அக்கா?"

"இல்லீங்க. கத்திரிச்செடி பக்கத்துலயே நல்லாத்தான் காய்க்குது."

அத்தாயி சாமான் வாங்க வந்ததையே மறந்து, ராமாயியின் வண்டியில் ஏறி அவள் ஊருக்குப் போனாள். அங்கே வேலியோரக் கள்ளியில் அந்த வெள்ளையைச் சுரண்டி விரலிடுக்கில் நசுக்கினாள். உள்ளிருந்த பூச்சி நசுங்கி விரல் ரத்தம்போலச் சிவந்தது. பூச்சி பிடித்த மடல்களைக் கூடையில் அடுக்கி, துணிபோட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

பக்கத்து நிலத்துக்காரர் மாதேஸ்வரன் வழிமறித்தார். அவருக்குக் கள்ளிதான் வேலி.

"ஏம்புள்ள, பூச்சியக் கொண்டாந்து ஊரு வெள்ளாமையக் கெடுக்கப் பாக்கறயா? கள்ளியத் தின்னு முடிச்சா என் கேழ்வரகத்தான தின்னும்?"

"தின்னாதுங்கண்ணா. ஆனா நாஞ்சொல்றத நம்ப வேண்டாம். எங்கூட்டுக் கொல்லையில உட்டுப் பாக்கறேன். கெட்டா என் வெள்ளாமை கெட்டுட்டுப் போகுது."

சொன்னபடியே மிளகாய்க்கும் கேழ்வரகுக்கும் நடுவே இரண்டு மடல்களை வைத்தாள். மற்றதை நிலத்தின் கோடியில், வெயில் படும் கள்ளிமேல் சொருகினாள். மாதேஸ்வரன் போகவர எட்டிப் பார்த்தார். கொல்லையில் மடல் வற்றிச் சருகானது; அதோடு பூச்சியும் உலர்ந்து உதிர்ந்தது. பக்கத்து மிளகாய் பூத்தது. கேழ்வரகு கதிர் வாங்கியது. அவர் வழிமறிப்பதை நிறுத்திக்கொண்டார்.

கோடைக் காற்றில் வெள்ளை பரவியது. மடலுக்கு மடல் தாவி, பெரிய புதர்களெல்லாம் வேகவைத்த கிழங்குபோலத் தொளதொளத்துச் சரிந்தன. நாற்றம் ஊரைத் தூக்கியது. மழையில் கொஞ்சம் பூச்சி அடித்துப் போனாலும், வெயில் திரும்பியதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. மாதேஸ்வரனின் வேலியும் விழுந்தது. அன்றைக்கே அத்தாயி அரிவாளோடு போய் இலந்தை முள் வெட்டிச் சுமந்துவந்து, அவர் வரப்பில் போட்டாள்.

"கேக்காமயே கொண்டாந்திருக்கற" என்றார்.

"உங்க வேலி போனது என்னாலதானுங்களே. பன்னி வர்றதுக்குள்ள கட்டிரலாம்."

இருவருமாகக் கட்டி முடித்தார்கள்.

அடுத்த மழைக்கு அந்த நிலத்தில் ஏர் ஓடியது. கொழுமுனையில் கறுத்த மண் புரண்டதைச் செங்கோடன் நின்று பார்த்தான். பிறகு மலைக்குப் போகாமல் மேழியைப் பிடித்துக்கொண்டான். சாமை விதைத்தார்கள், இடுப்புக்கு நின்றது.

கள்ளி ஒழிந்ததும் பூச்சியும் ஒழிந்தது. தின்ன வேறு எதுவும் அதற்குத் தெரியாது. ஆனால் நிலத்து மூலையில், பாறைமேல், ஒரே ஒரு தூர் கள்ளி மட்டும் வெள்ளை அப்பிக்கொண்டு நின்றது. செங்கோடன் மண்வெட்டியோடு அதை நெருங்கினான்.

"அத உட்ருங்க" என்றாள் அத்தாயி.

"பட்ட பாடு போதாதா?"

"மண்ணுக்குள்ள எங்கயாச்சும் ஒரு துண்டு கெடக்கும், நாளைக்கு மொளைக்கும். அன்னிக்கு நான் பூச்சிக்கு எங்க போவேன்? அது பசியில்லாம இங்கயே கெடக்கட்டும்."

அவன் பாறையைச் சுற்றி ஆடு ஏறாதபடி கல் அடுக்கிவிட்டு வந்தான்.