நாலாம் பிறை என்று சொன்னேன்

என் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கி இந்தச் சித்திரையோடு இருபத்தாறு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், அதாவது இருநூற்று நாற்பது நிமிடம். டவுனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் இருபத்திரண்டு நிமிடம்; ஆற்றுப் பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டால் முப்பத்தைந்து. நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். எண்ணாமல் இருக்க வராது.

மூன்றாம் பிறை பார்ப்பது அவளுடைய வழக்கம். நான் கூட நிற்பவன், அவ்வளவுதான். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் சாயங்காலம் மேற்கே பார்ப்பாள். பிறை கண்ணில் பட்டதும் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, அதற்குக் காட்டி, ஊதி விடுவாள். பழசை வாங்கிக்கொண்டு புதுசு கொடு என்று கேட்பதாம். கலியாணமான புதிதில், இது புதுச் சேலை கேட்கிற தந்திரம் என்று கேலி செய்திருக்கிறேன்.

"நான் கேட்டது ஒங்ககிட்ட இல்ல. மேல இருக்கவருகிட்ட" என்பாள்.

நோய் வந்த பிறகு அவள் சேலை கேட்கவில்லை. மாதம் கேட்டாள். பிறை பார்த்துவிட்டால் அடுத்த பிறை வரைக்கும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டாள். முதல் இருபது மாதத்தில் பதினெட்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவை மேகம். அந்த இரண்டு மாதமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மாதம் காய்ச்சலும் வந்தது. அதன் பிறகு அவளிடம் வாதம் பண்ண யாரால் முடியும்?

போன கார்த்திகையில் மூன்றாம் பிறை சனிக்கிழமை வந்தது. அமாவாசை புதன்கிழமை. காலண்டரை வைத்து மூன்று தடவை எண்ணினேன். நான்கு நாள் அடைமழை பெய்து அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. வழக்கமாக இரண்டரைக்கு இயந்திரத்தில் போட்டு ஆறரைக்கு எடுத்துவிடுவார்கள். அன்று முன்னால் இருந்தவருக்குத் தாமதமாகி, இவளுக்கு ஊசி குத்தும்போது மூன்று இருபது. ஏழு இருபதுக்குத்தான் முடியும்.

ஆறு மணிக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"வெளிய போய்ப் பாத்துட்டு வாங்க. மானம் எப்படி இருக்கு?"

போய்ப் பார்த்தேன். தலைக்கு மேலே தெளிவு. மேற்கே மலைப்பக்கத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து தெளிவாகத்தான் இருக்கிறது என்றேன்.

"ஒங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே. மேகம் ஏறுதா?"

"கொஞ்சம்."

அவள் சுவரில் இருந்த கடிகாரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அது வெறும் வட்டமாகத்தான் தெரியும். ஆறேகால் ஆயிற்று. கண்ணோரத்தில் நீர் இறங்கி காதுக்குள் போனது. ஒரு கை அசைக்கக் கூடாது, மறு கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை. துடைத்துக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை. நான் துடைத்துவிட்டு, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் மேசைக்குப் போனேன். ராதாபுரம் பக்கத்துப் பெண். நல்ல மாதிரி.

"நாப்பது நிமிஷம் முன்னாடி எடுக்க முடியுமாம்மா?"

"ஏன்யா, அம்மாவுக்கு முடியலையா?"

"இல்ல. ஒரு சோலி இருக்கு."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. கொறச்சா, எடுக்காத தண்ணி செவ்வாய்க்கெழம வரைக்கும் ஒடம்புலயே கெடக்கும்யா. நல்லதுக்கு இல்ல. எடுக்கணும்னா டாக்டர்கிட்ட போன்ல கேக்கணும், நீங்க எங்க பேச்சக் கேக்காம எடுக்கச் சொன்னியன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். படுக்கைக்கு வந்து, நேரம் முடிந்துவிட்டது, எடுக்கப் போகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். ஆறு நாற்பதுக்கு எடுத்தார்கள்.

பாலத்துக்கு நாங்கள் வந்தபோது ஆற்றுக்கு மேலே பிறை நின்றது. அதற்குக் கீழே ஒரு விரற்கடை தூரத்தில் மேகம். எங்களை எப்போதும் கூட்டிப்போகும் மேலப்பாளையத்து ஆட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"பாருங்கம்மா, பைய பாருங்க. எங்க ஆளுகளுக்கும் நோம்பு, பெருநாளுக்கெல்லாம் இதுதான் கணக்கு. ஆனா நாங்க தெரிஞ்சுதா தெரியலையான்னு ஊரக் கூட்டிச் சண்ட போட்டுட்டுத்தான் பாப்போம்" என்றார்.

அவள் சிரித்தாள். நூலை உருவி ஊதினாள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வீடு வரும்வரை அவள் வாய் ஓயவில்லை. மறுநாள் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். காபியும் அரை டம்ளர் கூடுதல். தண்ணீருக்குக் கணக்கு வைத்துக் கொடுக்கிற நான் அன்றைக்குப் பார்த்தும் பாராமல் இருந்தேன்.

திங்கட்கிழமை விடியும் நேரத்தில் அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தும் மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து, உடனே இயந்திரத்தில் போட்டார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். பழைய தாளைப் புரட்டிவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தண்ணி நுரையீரலுக்கு ஏறியிருக்கு. சனிக்கெழம நாப்பது நிமிஷம் கொறச்சிருக்கு. கையெழுத்து யாரு போட்டது?"

"நான்தான்."

"படிச்சவங்க நீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மத்தியானம் முகமூடியை எடுத்தார்கள். அவள் முதலில் கேட்டது இதுதான்:

"பிறை பாத்தோமே. பொறவு ஏன் இப்படி ஆச்சு?"

எனக்குச் சொல்ல வேண்டியது தெரியும். உன் டயாலிசிஸை நான்தான் பாதியில் நிறுத்தினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் எதற்காக நிறுத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது தன்னால்தான் என்று அவள் நினைப்பாள். அன்றைக்கு இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், நான் பயந்துவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எண்ணினது தப்பாப் போச்சு. அமாவாசை செவ்வாய்க்கெழமயே பொறந்துட்டு. நாம பாத்தது நாலாம் பிறை."

நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். காரணம் கிடைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதிதான் வந்த மாதிரி இருந்தது.

"ஊரு நெலத்தையெல்லாம் அளந்தவரு. மூணு நாளு எண்ணத் தெரியலையாக்கும்" என்றாள்.

அதோடு போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. மார்கழியில் மூன்றாம் பிறையன்று அவளை மாடிக்குக் கூப்பிட்டேன். பதினேழு படி, நான் பிடித்துக்கொண்டால் ஏறிவிடுவாள். வர மாட்டேன் என்றாள்.

"இன்னிக்கு மூணுதான்னு எப்படித் தெரியும்? ஒங்க கணக்க நம்பி ஏற முடியுமா? ஒருக்கா பட்டது போதும்."

தையிலும் வரவில்லை. மாசியில் பிறை வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நேரம். பாலத்தில் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

"அம்மா, அங்கன பாருங்க, எவ்வளவு தெளிவா நிக்கி!"

"நீரு ரோட்டப் பாத்து ஓட்டும்" என்றாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பாலம் முடிந்து இறங்கும்வரை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. பிறை பார்க்காத மாதம் அவளுக்கு எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் நான்கு கிலோ இறங்கிவிட்டாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது.

பங்குனியில் சொல்லிவிட்டேன். அமாவாசை, சனிக்கிழமை, நாற்பது நிமிடம், கையெழுத்து, டாக்டர் வராந்தாவில் கேட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அன்று பார்த்தது மூன்றாம் பிறைதான், தப்பு அதனுடையது அல்ல, என்னுடையது என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரை அவளுக்கு ஆகாது, எனக்காக. முழுக்கக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"என் மனசத் தேத்தச் சொல்லுதிய."

"இல்ல. சத்தியமா."

"நாலு நிமிஷம் கொறஞ்சாலே அந்த ஆஸ்பத்திரிப் புள்ளகூடச் சண்டைக்கு நிப்பிய. நீங்களா நாப்பது நிமிஷத்த விட்டுக் கொடுப்பிய? யாருகிட்ட கத வுடுதிய?"

அந்தத் தாள் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கும். கேட்டால் நகல் தருவார்கள். இரண்டு தடவை மேசை வரைக்கும் போனேன். அதைக் கொண்டுவந்து அவள் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, படி என்று சொல்ல வேண்டும். படித்தால் பிறையை நம்புவாள். அதன் பிறகு ஊசி குத்தும்போது நான் பக்கத்தில் நின்று, இன்னும் இத்தனை நிமிடம்தான் என்று சொன்னால் அவள் நம்ப வேண்டுமே. வாரத்துக்கு எழுநூற்று இருபது நிமிடம் அவள் அங்கே என் வார்த்தையைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறாள்.

இந்த மாதம் பிறை சனிக்கிழமை. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அன்றைக்கு வேறு வழியாகப் போகச் சொல்லுங்கள் என்கிறாள்.