நான் தீட்டாத துரு

முதலில் வந்தது வாடைதான். மாடியறையில் உட்கார்ந்து ஏழுமலையின் டிப்பர் லாரிக்குப் பித்தளைப் பட்டையில் அடிச்சட்டம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய நிஜ லாரிக்கு இல்லை; அதைப் பார்த்து நான் செய்கிற, முழங்கை நீளமுள்ள சின்ன லாரிக்கு. ஈயம் பற்றவைக்கும்போது பேஸ்ட் புகையும், அந்த வாடை எனக்குப் பழக்கம். அன்றைக்கு அது கருகலாக இருந்தது. மட்டமான பேஸ்ட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே, ஸ்டாண்டில் இருந்த சூட்டுக்கோலை ஒட்டிக் கையை வைத்து, சாமணத்தால் அடுத்த பட்டையைப் பிடித்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த ஏழுமலை துள்ளி எழுந்தான். "பாய்! கை பாய்! கை வேவுது!"

குனிந்து பார்த்தேன். என் வலது சுண்டு விரல் சூட்டுக்கோலின் மேல் சாய்ந்திருந்தது. தோல் வெளுத்து, ஓரம் கருகி, மெல்லிசாகப் புகைந்தது. வலி இல்லை. துளிகூட இல்லை.

கையை எடுத்துக்கொண்டு சிரித்தேன். "மாடல் செய்றவன் கை ஏழுமலை. காய்ச்சுப் போயிருக்கும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "எருமத் தோலா உங்களுது? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க பாய்" என்று சொல்லிவிட்டு, கீழே போய் என் மனைவி மும்தாஜிடமும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இதே நோய் இருக்கலாம், அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கலாம். அதனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் வேங்கிக்கால் பக்கம் லாரி உதிரிபாகக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவன். கடை என் மனைவியின் தம்பியுடையது. பகலெல்லாம் லாரி, வீட்டுக்கு வந்தாலும் லாரி. நான் செய்வது கண்காட்சியில் நிற்கிற பளபளப்பு வண்டி அல்ல. இந்த ஊரில் ஓடுகிற, எனக்குத் தெரிந்த ஒருவருடைய வண்டியைத்தான் செய்வேன். டேப்பை எடுத்துக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்கே போய் அளப்பேன். இடது மட்கார்டு நசுங்கியிருந்தால் என் வண்டியிலும் நசுங்கும். சேறு, துரு, கிழிந்த தார்ப்பாய், கண்ணாடியில் தொங்குகிற எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்க வேண்டும்.

இந்த வேலையில் சூப்பர் க்ளூ இல்லாமல் ஒன்றும் நடக்காது. மூன்று விரலால் சாமணத்தைப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலாலும் சுண்டு விரலாலும் ஒட்டிய இடத்தை அழுத்திப் பிடிப்பது என் பழக்கம். அந்த இரண்டு விரலிலும் எப்போதும் காய்ந்த பசை ஓடு மாதிரி படிந்திருக்கும். தொட்டால் மரத்தைத் தொட்டது போலத்தான் இருக்கும். உரித்து எடுத்தால் ஒரு நாளில் உணர்ச்சி வந்துவிடும், மறுபடியும் பசை படியும். வருஷக்கணக்காக அப்படித்தான். ஆகவே உணர்ச்சி போனபோது, போனது என்று எனக்குத் தெரியவில்லை. பசை என்றே நினைத்தேன். மாடல் செய்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரைக் கேட்டிருந்தாலும் பசை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மும்தாஜ் விடவில்லை. அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் ஒரு பெண்மணி. என் கையைக்கூட அவர் முதலில் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் இருந்த வெளிறிய தேமலைப் பஞ்சால் தொட்டு, "தெரியுதா?" என்றார். எதை என்று கேட்டேன். பிறகு முழங்கையின் உட்பக்கத்தை அழுத்தித் தடவினார். அங்கே ஒரு கயிறு தடித்து ஓடியது. அல்நார் நரம்பு (முழங்கை வழியாகச் சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் போகிற நரம்பு) என்றார். உடம்பில் இப்படி ஒரு கயிறு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"தொழுநோய்ங்க" என்றார். "பயப்படாதீங்க. மாத்திரை ஃப்ரீ. கிருமி முழுசா போயிடும்."

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்குகிற ஒரு கிருமியால், பல வருஷம் உள்ளேயே இருந்து மெதுவாக வெளிப்படுகிற நோய்). இன்றைக்கு என்னால் இதை இப்படி எழுத முடிகிறது. அன்றைக்குக் காது அடைத்துவிட்டது. இந்த ஊர்க்காரனுக்கு அந்தச் சொல் வெறும் சொல் அல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தவர்களைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுடைய முகம் ஒன்றுகூட நினைவில்லை. கைகள் எல்லாம் நினைவில் இருந்தன.

மருத்துவர் மறுபடியும் கேட்டார். "விரல்ல எப்பலேர்ந்து உணர்ச்சி இல்ல?"

"தெரியலைங்களே."

"யோசிச்சுச் சொல்லுங்க. நரம்பு செத்து ஆறு மாசத்துக்குள்ளன்னா மருந்துல திரும்ப வர்றதுக்கு சான்ஸ் ஜாஸ்தி. அதுக்கு மேலன்னா கம்மி. ரொம்ப நாளாச்சுன்னா விரல் மடங்க ஆரம்பிக்கும்."

உயிருக்கு ஆபத்தில்லை என்று அவர் சொன்னதில் எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை. எனக்குக் கை வேண்டும். அந்த இரண்டு விரல் இல்லாமல் நான் ஒரு கதவுக் கைப்பிடிகூட ஒட்ட முடியாது. அந்த விரல்களில் மறுபடியும் சூடு, குளிர், முள், பஞ்சு தெரியுமா என்பது ஒன்றுதான் என் கேள்வி. ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டுமே அல்லாஹ் என்று பஸ்ஸில் வரும்போதே வேண்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போனேன். அலமாரியில் இருந்த லாரிகளைச் செய்த வரிசைப்படி தரையில் இறக்கினேன். என் விரல்கள் எப்போது செத்தன என்று வேறு யார் சொல்லப்போகிறார்கள்? மகள் ஷமீமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சென்னையில் கல்லூரி இரண்டாம் வருடம், லீவுக்கு வந்திருந்தாள்.

பழைய வண்டிகளில் ஒட்டிய இடமே தெரியவில்லை. நெல் மூட்டை லாரி, மாட்டுத் தீவன லாரி எல்லாம் சுத்தம். அடுத்து குடிதண்ணீர் டேங்கர். அதன் பின்ஏணியில் ஒரு படி நசுங்கியிருந்தது. அளவு தெரியாமல் அழுத்தினால்தான் பித்தளை அப்படி நசுங்கும். கேபின் ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. வண்டியைத் திருப்பிப் பிடித்தேன்.

டேங்கின் அடிப்பக்கம் துரு இருந்தது. அந்த வண்டியின் படத்தைக் குழுவில் போட்டபோது, "துரு அசல் மாதிரியே இருக்கு பாய், எந்த பெயின்ட்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் அந்தத் துருவைத் தீட்டியதாகவே எனக்கு நினைவில்லை. இப்போது லென்ஸை வைத்துப் பார்த்தேன். தீட்டின துருவுக்குத் தூரிகைக் கோடு இருக்கும். இதில் இல்லை. விரல் இழுத்த கோடு இருந்தது. கத்தி அறுத்து, தெரியாமல், அந்த விரலாலேயே அழுத்திப் பிடித்திருக்கிறேன். அது என் ரத்தம்.

"இது எப்பம்மா செஞ்சது?" என்று ஷமீமாவைக் கேட்டேன்.

"நான் பிளஸ் ஒன் படிக்கிறப்ப, அத்தா. இதுக்காக என் ஜியோமெட்ரி பாக்ஸைத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே, அந்த வண்டி" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷம். அவளுக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. அத்தனை பேர் பாராட்டிய அந்த வண்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. மாதம் ஒரு முறை ஊழியர் முன்னால் விழுங்குகிற மாத்திரை, மற்ற நாட்களில் வீட்டில். சிறுநீர் சிவக்கும், அது மருந்தின் நிறம். தோல் கறுக்கும், பிறகு மெல்ல மாறும். மருந்து தொடங்கிவிட்டால் சீக்கிரமே மற்றவருக்குத் தொற்றாது. வீட்டில் உள்ளவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். கூடவே எனக்கு ஸ்டீராய்டு (நரம்பின் வீக்கத்தை அடக்கும் மருந்து). முகம் உப்பியது, பசி பிசாசு மாதிரி வந்தது. இரவில் விரலுக்கு ஸ்பிளின்ட் (மடங்காமல் நிமிர்த்திப் பிடிக்கிற அச்சுப்பட்டை) கட்டிக்கொண்டு படுத்தேன்.

எப்படியோ கடைக்குச் செய்தி போய்விட்டது. மும்தாஜின் தம்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே ரெஸ்ட் எடுங்க மச்சான். உங்களுக்காகத்தான் சொல்றேன்." எனக்காகவாம்! நான் வாயைத் திறப்பதற்குள் மும்தாஜ் சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "அவரு தொட்டுக் குடுத்த நட்டு போல்ட்டு எல்லாம் ஊரு ஊரா ஓடுதுடா. எல்லா லாரியையும் நிறுத்திக் கழட்டி வாங்கிக்கிறியா?" என்றாள். அவன் டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். பிற்பாடு கூப்பிட்டான், நானும் போனேன். ஆனால் இப்போது எனக்குக் கவுன்ட்டர் இல்லை, உள்ளே குடோனில் வேலை.

ஒரு வருஷ மருந்து முடிந்தது. கடைசிப் பரிசோதனையில் கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் விரல் விரலாகத் தொட்டார்கள். கட்டை விரல், தெரிகிறது. ஆட்காட்டி விரல், தெரிகிறது. நடு விரலும் தெரிந்தது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணத் திறங்க" என்றார் மருத்துவர்.

"இன்னும் ரெண்டு விரல் பாக்கி இருக்குங்களே?"

"பார்த்துட்டோங்க" என்றார்.

கிருமி போய்விட்டது. உணர்ச்சி வரவில்லை, இனி வராது. மடங்கின விரலை அறுவை செய்து நிமிர்த்தலாமாம், பிடிமானம் கொஞ்சம் கூடுமாம். தொட்டது தெரிவது அதில் வராது. யாராவது வந்து எல்லாம் நன்மைக்குத்தான் என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதில் எந்த நன்மையும் இல்லை. தொழும்போது சஜ்தாவில் நெற்றி தரையில் படுகிறது, கை விரல்கள் எல்லாம் சேர்ந்து தட்டையாகப் படிய வேண்டும். இரண்டு மட்டும் கொக்கி மாதிரி நிற்கின்றன. கொஞ்ச காலம் பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதேன். இப்போது போகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஏழுமலை ஒரு நாள் வந்தான். சாமணம் நழுவுகிறது, உன் வண்டியை முடிக்க முடியாது என்று சொன்னேன். அடிச்சட்டமும் கேபினும் மட்டும்தான் இருந்தன. ஜல்லி ஏற்றுகிற தொட்டி இல்லை. "அப்படியே குடுங்க பாய்" என்றான். "ஒர்க்‌ஷாப்ல நிக்குதுன்னு நெனச்சுக்கறேன். என் வண்டி பாதி நாள் அங்கதான நிக்குது?" அவன் வாயைக் கட்ட முடியாது. துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இது. தொட்டால் தெரியாத தேமல் இருந்தால், விரல் மரத்திருந்தால், காரணம் கண்டுபிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பசை, காய்ப்பு, வேலை, வயசு என்று காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. போய்க் காட்டுங்கள். சீக்கிரம் போனவர்கள் கை முழுசாகத் திரும்பியதை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வயிறு எரியத்தான் பார்த்தேன்.

தினமும் சாயந்திரம் மும்தாஜ் என் கையை விளக்கடியில் பிடித்துப் புரட்டிப் பார்க்கிறாள். கீறலோ கொப்புளமோ இருந்தால் எப்போது பட்டது என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. வலித்தால்தான் அது காலையா மதியமா என்று தெரியும். என் வலது கைக்கு நடந்ததெல்லாம் சாயந்திரம் பார்க்கும்போதுதான் நடக்கிறது. அதுவரை அது யாரோ என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருள்.

போன பௌர்ணமிக்கு ஷமீமாவைச் சென்னை பஸ் ஏற்றிவிடப் போனேன். தெருவிலிருந்தே கூட்டம். பேசிக்கொண்டே நடந்தோம், அவளுடைய பரீட்சை, ஹாஸ்டல் சாப்பாடு என்று. பேருந்து நிலைய வாசலில் பையை மாற்றிக்கொள்ளக் குனிந்தபோது பார்த்தேன். என் வலது கையின் அந்த இரண்டு விரல்களை அவள் பிடித்திருந்தாள். இழுத்திருந்தால் தோள் சொல்லியிருக்கும். அவள் இழுக்கவில்லை, சும்மா பிடித்திருந்தாள்.

"எப்பம்மா பிடிச்ச?" என்று கேட்டேன்.

"வீட்டுலேர்ந்து பிடிச்சுக்கிட்டுத்தான வர்றேன், அத்தா" என்றாள்.