தவளை அறுத்த கை

இறந்துபோன என் கல்லூரித் தோழி கோமளத்தை, வெளிநாட்டு மகன் வரும்வரை உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றி வைத்திருந்தார்கள். "இனிமே எங்கள யாரு திட்டுவா, மாமி?" என்று அவள் பெண் அழ, நான் கோமளத்தின் கையைப் பிடித்தேன், பார்மலின் வாடை. அறுபதுகளில் கல்லூரி லேபில், தவளையைத் தொட நடுங்கிய எனக்கும் சேர்த்து அறுத்த அந்தக் கையில் ஸ்ரீரங்கம் பஸ் வரைக்கும் அடித்த அதே வாடை. கோமளத்தின் வீட்டுக் கொல்லை வாசலில் அவள் அம்மா, "குளிக்காம உள்ள வரப்படாதுடி!" என்று மறிக்க, கிணற்றடியில் தாவணியோடு மாறிமாறித் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். அந்தக் கிணற்றைத் தூர்த்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

தென்னூரில் என் வீட்டுக்குத் திரும்பியதும் மருமகள், "குளிச்சிட்டு உள்ள வந்துடுங்க அத்தை" என்றாள். அலுப்போடு இடது கையால் மொண்டு ஊற்றிக்கொண்டேன். கோமளத்தின் கையைப் பிடித்திருந்த வலது கையை மட்டும் நனையாமல் தூக்கி வைத்திருந்தேன்.