காற்றடிக்கத் தெரியாத தபாற்காரன்

தபாற்காரர் வேலைக்குக் காற்றால் உப்பிய சைக்கிள் சில்லுகள் இரண்டு தேவை என்பது நியமனக் கடிதத்தில் எழுதப்படாத நிபந்தனை. எனக்கு அந்தக் கடிதம் முப்பத்தெட்டாவது வயதில் வந்தது. அதுவரை ஓமந்தைப் பக்கம் ரியூசன் கொட்டிலில் தமிழ் படிப்பித்தவன். வன்னியில் பிறந்தவனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாமல் போகுமா என்று கேட்பீர்கள். போகும், எப்போதும் யாராவது ஒருவரின் கரியரில் குந்தியிருந்து புத்தகம் வாசித்தால் போதும். வேலைக்காக இரண்டு கிழமையில் ஓடப் பழகினேன். காற்றடிக்கப் பழகத்தான் ஆறு மாதம் பிடித்தது.

அந்த ஆறு மாதமும் சோதனைக் காலம். வெள்ளிக்கிழமைச் சுற்றில் காட்டுக்குள்ளால் ஆறு கிலோமீற்றர், வீடு வாசல் இல்லாத பாதை. அதைத் தனியே போய் முடிக்கிறவனைத்தான் நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்வேன் என்று எங்கள் தபாலதிபர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். காற்றடிக்கத் தெரியாதவனை அங்கே அனுப்பவும் மாட்டாராம். காற்றுப்போன சைக்கிளை வெயிலில் உருட்டி நடந்த அன்பர்களே, மிச்சத்தை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

மூடியைத் திறந்தேன்

முதல் நாள் அலுவலக வாசலில் பின்சில்லு சப்பையாகக் கிடந்தது. எவ்வளவு காற்று அடிக்கவேண்டும் என்று ரயரின் பக்கத்தில் அச்சடித்திருந்ததைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். அதை அளந்து காட்ட, நான் காற்றடிக்க வைத்திருந்த பம்மில் ஒன்றும் இல்லை. போகட்டும். எந்தப் பாத்திரத்திலும் ஒன்றை ஊற்றுவதானால் முதலில் மூடியைத் திறக்கவேண்டும். தர்க்கம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே, காற்றை உள்ளே மறித்து வைக்கும் வால்கட்டையின் நட்டைக் கழற்றினேன். வால்கட்டை விசுக்கென்று பறந்து கிளுவை வேலிக்குள் விழுந்தது. ரயர் றிம்மோடு ஒட்டிக்கொண்டது.

நான் வேலியடியில் முழங்காலில் நின்று தேடுவதை, உள்ளே கடிதம் பிரிக்கும் செல்வமணி அக்கா யன்னலால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "சேர், இருந்த காத்தையும் வெளியாலை எடுத்துப்போட்டுத்தான் புதுசு அடிப்பியளோ?"

பம்மைப் பறித்தார்கள்

நட்டில் கைவைக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டேன். பழகிப் பார்க்கத்தான் இடம் கிடைக்கவில்லை. எந்தச் சந்தியில் பம்மோடு குனிந்தாலும் என்னிடம் படித்த ஒருவர் எங்கிருந்தோ வந்துவிடுவார். படிப்பித்தவரைக் குனியவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பது இங்கே வழக்கமில்லை. பம் கைமாறும். இருபது இழுப்பில் வேலை முடியும். நான் பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினர்போலப் பக்கத்தில் நிற்பேன்.

ஒருநாள் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் சைக்கிளை ஒளித்துவைத்து அடிக்கத் தொடங்கினேன். அரிசி ஆலையில் மூட்டை ஏற்றும் சுதன் அங்கேயும் வந்தான். என் வேலை நிரந்தரமாவது இதில்தான் தங்கியிருக்கிறது, தயவுசெய்து என்னை அடிக்க விடு என்று மன்றாடினேன். பம்மை விடாமலே முழுவதையும் கேட்டான். "தமிழ் சோதினையிலை மூண்டு தரம் பெயில் விட்டும் நீங்கள் என்னைக் கைவிடேல்லை சேர். நான் விடுவனோ?"

மூன்று பேரின் அன்பு

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மாணவி அடித்தாள். சந்தியில் ஒரு மாணவன் அடித்தான். உரக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் நான் போதும் போதும் என்று சொல்லியும், தன் மகள்மார் இருவருக்கும் படிப்பித்த மனுசன் என்று அவரும் தன் பங்குக்கு அடித்தார். சைக்கிள் கடைவாசலில் மத்தியான வெயிலில் நின்றது. நான் உள்ளே கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்சில்லு வெடித்தது.

உரம் வாங்க நின்றவர்களில் இளசுகள் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற நாங்கள் எல்லோரும் நிலத்தில் கிடந்தோம். நான் எப்போது படுத்தேன் என்று எனக்குத் தெரியாது. தபால் பை தலைக்கு மேலே இருந்தது. இங்கே ஷெல் விழுந்த யுத்த ஆண்டுகளில் புத்தளத்தில் இருந்த நானா மட்டும் எங்களைப் பார்த்துவிட்டுப் பிறகு படுத்தார். எனக்குப் பக்கத்தில் கிடந்த வயதான கமக்காரர், கன்னத்தைச் சீமெந்திலிருந்து எடுக்காமலே சொன்னார்: "தம்பி, முன்சில்லு இன்னும் இருக்கு. அதுவும் வெடிக்கட்டும், ஒரேயடியா எழும்புவம்."

காட்டுப் பாதை

ஆறாம் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, வழக்கமாகக் காட்டுப் பாதைக்குப் போகிறவருக்குக் காய்ச்சல். குளத்தடிக் குடியேற்றத்தின் கடைசி வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருந்தது. மகளின் தாதியர் பயிற்சிக்கான நேர்முகக் கடிதம் வந்ததா என்று அந்த வீட்டுத் தாய் இரண்டு கிழமையாக அலுவலகத்துக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். நேர்முகம் திங்கட்கிழமை. தபாலதிபர் அம்மா கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் பையைத் தந்தார்.

நடுக்காட்டில் பின்சில்லு இறங்கியது. பன்னிரண்டு வருடம் படிப்பித்தும் அந்த இடத்தில் எனக்கு ஒரு மாணவன் இல்லை. பாதையோரம் யானை இலத்தி ஈரம் காயாமல் கிடந்தது. தடவிப் பார்த்தேன், வால்கட்டை நட்டு தளர்ந்திருந்தது. இம்முறை அதை இறுக்கினேன். முதல் இருபது இழுப்பின் காற்றும் உள்ளே போகாமல் பக்கத்தால் போனது. பம்மின் குழாயைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். இருபத்தோராவது இழுப்பில் சில்லு மெல்ல நிமிர்ந்தது. யானையை நினைத்துக்கொண்டு, எண்ணுவதை விட்டுவிட்டு அடித்தேன்.

வீட்டு வாசல் படலையிலேயே காத்து நின்ற தாய் கையெழுத்து வைத்து, கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மகளிடம் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பின்சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். நானே அடித்தேன் என்று கேட்காமலே சொன்னேன். பாராட்டுக்காகக் காத்து நின்றேன். "கல்லு மாதிரிக் கிடக்கு தம்பி. வெடிக்க முதல் கொஞ்சம் காத்தைத் திறந்து விட்டிட்டுப் போங்கோ, இனியும் எங்களுக்குக் கடிதம் வரவேணும்."

அடுத்த மாதம் நான் நிரந்தரமானேன். நான் அடிக்கிற காற்றைத்தான் நிரந்தரமாக்க இன்னும் ஒருவரும் சிபாரிசு செய்யவில்லை.