ஆறு முயலில் ஒன்று போக

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு விருத்தாசலத்தில் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு மதியம் அது. மழையில் பொம்மைகள் காயாது என்பதால் நான் வேலை பார்க்கும் செராமிக் பட்டறைக்கும் லீவு. வீட்டில் நானும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் மட்டும்.

கழித்தல் கணக்கு அவளுக்கு வரவே இல்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு ஆச்சரியமில்லை. பத்து பொம்மையில் மூன்று உடைந்தால் மீதி எத்தனை என்று மேஸ்திரி கேட்டால், "எண்ணிப் பாத்துட்டு வரேங்க" என்று கிளம்புகிற ஆள் நான். அந்த ரத்தம்தானே.

கதைப் புத்தகம் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு முயல் கதை வாங்கி வந்திருந்தேன். வளையில் ஆறு முயல்கள். பக்கத்துக்கு ஒன்றாக வெளியே போகும். காது உடைந்ததென்று பட்டறையில் கழித்துப் போட்ட முயல் பொம்மைகளைத் தரையில் வரிசையாக வைத்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு நடித்தேன். புத்தகத்தில் "ஒரு முயல் போனது" என்றுதான் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்றா சொல்வார்கள்? முயலானாலும் நம் ஊர் முயல். அதனால் "போயிட்டு வரேங்க" என்று நானே சேர்த்துச் சொல்லி, ஒரு பொம்மையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

"ஆறுல ஒண்ணு போக மீதி எத்தினி?"

"ஆறு."

இன்னொரு முயலையும் அனுப்பினேன். "இப்ப?"

"ஆறுதாம்ப்பா."

"ஏ கழுதை, கண்ணு முன்னாடி நாலுதான இருக்குது? கணக்குல உங்கப்பனையே மிஞ்சிட்டியே."

அவள் சிரிக்கவில்லை. "அதுங்க போயிட்டு வரேன்னு சொல்லிச்சில்ல, வந்துடுமில்ல. அம்மாவும் அப்படித்தான சொல்லிட்டு ஆட்டோல ஏறுனாங்க."

அதற்கு ஒன்பது மாதம் முன்பு, தை மாதத்தில், காய்ச்சலோடு அவள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ அது. உறவுக்காரர்கள் குழந்தையிடம் ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்தார்கள். நான், அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது கோமாளித்தனம் செய்தே நாளை ஓட்டினேன். அன்றைக்கு வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை.

"அம்மா இனிமே வரமாட்டாங்க, பாப்பா."

அவள் தரையில் இருந்த முயல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நம்ம வூட்ல மூணு பேர்ல ஒருத்தங்க போனா..."

"ரெண்டு" என்றேன். என் வாழ்நாளில் எண்ணிப் பார்க்காமல் நான் சொன்ன முதல் விடை அதுதான்.

முதுகுக்குப் பின்னால் இருந்த இரண்டு முயல்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் வெகுநேரம் அழுதாள்.

இப்போது கழித்தல் கணக்கெல்லாம் பிழையில்லாமல் போடுகிறாள். எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று டீச்சர் கேட்டார், சிரித்து மழுப்பிவிட்டேன். காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது நான் "போயிட்டு வரேன்" என்றால், வாசல்வரை வந்து என் முகத்தைப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் வாய்ப் பழக்கமாகச் சொல்லி வந்த அந்த வார்த்தை, சாயங்காலம் நான் திரும்பி வந்து அவள் முன்னால் நிற்கும்போதுதான் ஒவ்வொரு நாளும் எனக்குச் சரியாகிறது.